ஐந்தாண்டு கழித்து ‘ரியாக்டிவ்’ என்று வந்த சீட்டு

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

பாலக்கோடு வட்டாரத்திலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது இருபத்தொன்பது. 2018இல் திருமணம். கணவர் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்வந்தவர். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். மூத்த மகள் 2020 ஜனவரியில் பிறந்தாள். அந்தக் கர்ப்பத்தின்போது, 2019இல் எடுத்த வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை ‘நான்-ரியாக்டிவ்’, அதாவது தொற்று தென்படவில்லை, என்று பழைய அட்டையில் பதிவாகியிருக்கிறது. இப்போது மறுபடியும் நான்காவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி எடுத்த பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை, பாலுறவால் பரவும் சிபிலிஸ் இருக்கிறது என்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கான வேறு இரண்டு ரத்தப் பரிசோதனைகளைத் திரும்ப எடுத்ததில் ஆர்.பி.ஆர். 1:4, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ்.

கணவர் ஒரு தனியார் லேபில் ஆர்.பி.ஆர். மட்டும் எடுத்திருக்கிறார். அது ‘நான்-ரியாக்டிவ்’. அந்தச் சீட்டை அவர் நேராகத் தன் தாயாரின் கையில் கொடுத்துவிட, “என் பையனுக்கு இல்லாத சீக்கு உனக்கு எங்கேயிருந்து வந்தது?” என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது; தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டலும் உண்டு. வாசகிக்கு வேறொரு கணக்கு. கொரோனா காலத்தில் பால்வினை நோய்கள் குறைந்துபோயின என்று செல்பேசியில் படித்திருக்கிறார். ஆகவே ஊரடங்கின்போது கணவருக்கு வந்திருக்க முடியாது, ஓசூருக்குப் போன பிறகுதான் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறார். 2020 மே மாதம் ஊர் திரும்பிய கணவருக்கு, வந்த சில நாட்களில் பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு புண் இருந்ததையும், “நடந்து வந்த சூடு” என்று சொல்லி மெடிக்கலில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டு ஆறிப்போனதையும் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கொரோனா தடுப்பூசியால் இப்படித் தவறாகக் காட்டும் என்று ஒருவரும், கர்ப்பத்தில் பெனிசிலின் ஊசி ஆகாது, பிரசவம் முடியட்டும் என்று இன்னொருவரும் சொன்னார்களாம். யாரை நம்புவது, வீட்டில் என்ன பேசுவது, குழந்தைக்கு என்ன ஆகும் என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான்காவது மாதத்திலேயே இது தெரியவந்ததால், குழந்தையைக் காப்பாற்றப் போதிய காலம் கையில் இருக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்ற விசாரணை முடியும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. இந்தப் பதிலைப் படிப்பதற்குள் முதல் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் மிச்சத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து படியுங்கள்.

ஊசியைப் பற்றி

சிபிலிஸ் என்பதை நம் பக்கத்தில் கிரந்தி என்றும் மேகப்புண் என்றும் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு இதில் பரிந்துரைக்கப்படும் மருந்து பெனிசிலின் ஒன்றுதான். ‘கர்ப்பத்தில் ஆகாது’ என்று உங்களுக்குச் சொன்னவர் உண்மையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்: கர்ப்பத்தில் ஆகாதது டாக்சிசைக்ளின், எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் வயிற்றிலுள்ள குழந்தைக்கு நம்பத்தக்க பாதுகாப்புத் தருவதில்லை. தொற்று எப்போது வந்தது என்று தெரியாத நிலையில், பென்சதைன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட்டை இடுப்புத் தசையில் வாரம் ஒரு முறை என மூன்று வாரம் போட வேண்டும். ஊசிகளுக்கு இடையே ஒன்பது நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், கர்ப்பிணிகளுக்கு முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அதனால் ஆடிப் பண்டிகை, தாய்வீட்டுப் பயணம், மாங்காய் இறக்கும் நாள் என்று எது குறுக்கே வந்தாலும் அந்த மூன்று தேதிகளை மாற்றாதீர்கள்.

ஊசி வலிக்கும், மருந்து கெட்டியானது. முதல் ஊசி போட்ட இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் காய்ச்சல், குளிர், உடல்வலி வரலாம். செத்துப்போகும் கிருமிகளுக்கு உடல் காட்டும் எதிர்வினை அது. பெனிசிலின் ஒவ்வாமை என்று அதைத் தவறாக எண்ணி அடுத்த ஊசியை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அடிவயிறு இறுகி வலித்தாலோ, குழந்தை துடிப்பது தெரியத் தொடங்கிய பின் துடிப்பு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முன்பு பெனிசிலின் போட்டு மூச்சுத்திணறலோ உடல் முழுதும் தடிப்போ வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்நோயாளியாக வைத்து, மிகச் சிறு அளவிலிருந்து படிப்படியாக ஏற்றி உடலைப் பழக்கி, அதன் பிறகு இதே மருந்தைத்தான் கொடுப்போம். எப்படியானாலும், ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் வசதி இருக்கிற இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனைக் கிளினிக்கில் வேண்டாம்.

சிகிச்சையே பெறாவிட்டால், கருச்சிதைவு, வயிற்றிலேயே குழந்தை இறப்பது, குறைமாதப் பிரசவம், பிறக்கும்போதே தொற்றுடன் பிறப்பது ஆகிய ஆபத்துகள் உண்டு. புதிய தொற்றில் இந்த ஆபத்து மிக அதிகம். பழைய தொற்றில் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. பிரசவத்திற்கு முப்பது நாளுக்கு முன்பாவது சிகிச்சையைத் தொடங்கி முறையாக முடித்திருந்தால் குழந்தை தப்பிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. உங்களுக்கு முப்பது நாள் அல்ல, ஐந்து மாதம் இருக்கிறது.

சீட்டுகளில் எழுதியிருப்பது என்ன

உங்கள் வீட்டில் இப்போது இரண்டு சீட்டுகள் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டையும் எல்லோரும் தப்பாகவே படித்திருக்கிறார்கள்.

ஆர்.பி.ஆர்., வி.டி.ஆர்.எல். ஆகியவை ஒரு வகை. நோய் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதை ஓரளவு காட்டும். 1:4 என்பதில் பின்னுள்ள எண், ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் அது ரியாக்டிவ் காட்டியது என்பதைச் சொல்கிறது; எண் பெரிதானால் அளவு அதிகம். ஆனால் வேறு காய்ச்சல்களிலும், சில மூட்டுவாத நோய்களிலும், சில வேளைகளில் கர்ப்பத்தின் காரணமாகவும்கூடப் பொய்யாக வரக்கூடும். டி.பி.எச்.ஏ. வேறு வகை. அது அந்தக் கிருமிக்கு எதிராகவே உடல் தயாரித்த எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. உங்களுக்கு இரண்டும் வந்திருப்பதால் தொற்று உண்மையானது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிக் கதைக்கு ஒரு சிறு வேர் இருக்கத்தான் செய்கிறது: 2021 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தில் செய்யப்படும் ஆர்.பி.ஆர். பரிசோதனை கொரோனா தடுப்பூசி போட்டவர்களில் சிலருக்குத் தவறாக ரியாக்டிவ் காட்டலாம் என்று எச்சரித்தது. டி.பி.எச்.ஏ. போன்ற பரிசோதனைகளைப் பற்றிய எச்சரிக்கை அல்ல அது. நீங்கள் தடுப்பூசி போட்டுச் சில ஆண்டுகளும் ஆகிவிட்டன. இதை ஒதுக்கிவிடலாம். பொதுக் கழிப்பறை, துண்டு, சோப்பு வழியாகவும் இது வராது.

கணவரின் சீட்டில் இருப்பது ஆர்.பி.ஆர். மட்டும். சிகிச்சையே இல்லாமல்கூட, ஆண்டுகள் செல்லச் செல்ல அது தானாக மங்கி ‘நான்-ரியாக்டிவ்’ ஆகிவிடுவது பலருக்கு நடக்கிறது. ஆகவே அந்தச் சீட்டு அவருக்கு நோய் வந்ததே இல்லை என்பதற்குச் சான்றாகாது. அவருக்கு டி.பி.எச்.ஏ. எடுக்க வேண்டும், மருத்துவர் அவரை நேரில் பார்க்கவும் வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் கட்டப் புண்ணிலேயே சிகிச்சை பெற்றவர்களில் 15 முதல் 25 சதவீதம் பேருக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளில் டி.பி.எச்.ஏ. வகைப் பரிசோதனையும் இல்லை என்றே காட்டத் தொடங்கும். உங்கள் கணவர் 2020இல் மெடிக்கலில் வாங்கிப் போட்டது என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சளிக்கும் காய்ச்சலுக்கும் அசித்ரோமைசினை வெல்லம்போல எடுத்துக் கொடுத்த காலம் அது என்பதையும், அது தற்செயலாகச் சிகிச்சையாகியிருக்கலாம் என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன்.

கொரோனாவில் குறைந்தது எது

நீங்கள் படித்த செய்தி பொய் அல்ல. இங்கிலாந்தில் 2020இல் கண்டறியப்பட்ட பால்வினைத் தொற்றுகள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அமெரிக்காவிலும் 2020 மார்ச், ஏப்ரலில் எண்ணிக்கை சரிந்தது. ‘கண்டறியப்பட்ட’ என்ற சொல்லைத்தான் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிளினிக்குகள் மூடியிருந்தன அல்லது கொரோனா வேலைக்குத் திருப்பப்பட்டன; ஆய்வகங்களின் குச்சியும் வேதிப்பொருளும் ஆட்களும் கொரோனாவுக்கே போயின. அமெரிக்காவில் அந்த ஆண்டு முடிவில் வெட்டை நோயும் (கொனோரியா) சிபிலிஸும் 2019ஐத் தாண்டிவிட்டன. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று மட்டும் 13 சதவீதம் குறைந்திருந்தது. கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல், வழக்கமான பரிசோதனையில்தான் சிக்கும். பரிசோதனை நின்றதும் அதன் எண்ணிக்கை விழுந்தது. நோயும் அதே அளவில் விழுந்தது என்று எண்ண எந்த முகாந்திரமும் இல்லை.

நம் ஊரிலேயே இதற்கு ஒப்புமை இருக்கிறது. 2020 ஏப்ரல் இறுதியில் தமிழகத்திலேயே கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும் கொரோனா பதிவில்லாத பச்சை மண்டலமாக இருந்தது. அந்தப் பச்சை எத்தனை நாள் நீடித்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

நான் அப்போது பணியாற்றிய இடத்தில் தோல், பால்வினை நோய்ப் பிரிவின் அறையைச் சளி மாதிரி எடுக்க ஒதுக்கிவிட்டார்கள். பஸ் குறைவாகவே ஓடிய ஜூன் மாதத்தில், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிள் மிதித்து வந்து, வழக்கமான அறை அதுதானே என்று வரிசையில் நின்றிருக்கிறார். வந்த காரணத்தை அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து, இரண்டு நாளில் முடிவு வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத் தடிப்புகளோடு என்னிடம் வந்தபோதுதான் இதைச் சொன்னார். ஜூனில் அவருக்கு இருந்தது சிபிலிஸின் முதல் புண். அன்றைக்கே ஓர் ஊசியில் முடிந்திருக்க வேண்டியது. எங்கள் பதிவேட்டில் அந்த ஜூன் மாதம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. பிற்பாடு யாராவது அதைப் பார்த்து, தருமபுரியில் அந்த மாதம் பால்வினை நோயே இல்லை என்று எழுதினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஊரடங்கு புதிய தொடர்புகளைக் குறைத்தது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே தொற்றியிருந்தவர்கள் சிகிச்சையில்லாமல் இருந்த நாட்களை அது நீட்டியது. வேலைக்குப் போன ஊரிலிருந்து அவர்களை வீட்டுக்கும் அனுப்பியது. வெளியே குறைந்த நோய் பல வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான். கதவுகள் திறந்த பிறகு கணக்கும் ஏறியது. இங்கிலாந்தில் 2022இல் பதிவான வெட்டை நோய் 82,592. 1918இல் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். உலகம் முழுவதும் 15 முதல் 49 வயதுக்குள் புதிதாக சிபிலிஸ் தொற்றியவர்கள் 2020இல் 71 லட்சம், 2022இல் 80 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வருகிறேன். சிபிலிஸின் முதல் புண், தொற்றிய 10 நாள் முதல் 90 நாளுக்குள் தோன்றும். சராசரியாக மூன்று வாரம். வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும், அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. மே மாத நடுவில் தோன்றிய புண்ணுக்கான தொற்று, பிப்ரவரி நடுவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் நேர்ந்திருக்கலாம். ஊரடங்கு தொடங்கியதோ மார்ச் 25. ஆக, ‘ஊரடங்கில் எப்படி வந்திருக்கும்’ என்ற உங்கள் வாதம் நிற்கவில்லை. உங்கள் 1:4 என்ற குறைந்த அளவும் பழைய தொற்றோடு பொருந்துகிறது. கணவருக்கு 2020இல் தொற்றி, அந்த மே, ஜூனில் உங்களுக்கு வந்து, இத்தனை ஆண்டுகள் உங்கள் உடலில் அரவமில்லாமல் கிடந்தது என்ற கதை மருத்துவப்படி சீராக இருக்கிறது.

பொருந்துகிறது என்று சொன்னேனே தவிர, நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. அந்தப் புண் வேறெதுவாகவும் இருந்திருக்கலாம். அதைப் பார்த்த மருத்துவர் யாருமில்லை. 2019க்கும் இந்த ஆண்டுக்கும் இடையில் எப்போதோ உங்களுக்குத் தொற்றியிருக்கிறது என்பது வரைதான் காகிதங்கள் பேசுகின்றன. சீட்டில் அச்சாகியிருக்கும் தேதி ரத்தம் எடுத்த தேதி. ஓசூரில் இப்போது ஏதோ நடக்கிறது என்பதற்கு அதில் சான்று கிடையாது. மாமியார் சொல்கிற குற்றச்சாட்டுக்கும் கிடையாது. கணவரைத் தவிர வேறு யாரையும் அறிந்ததில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன்.

வீட்டில் பேசுவது

ஊசி போடுவதைக் கணவரிடம் சொல்லாமலே சிகிச்சையை முடித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊசி போட்டுக்கொள்ள அவருடைய சம்மதம் தேவையில்லை. ஆனால் அவரைப் பரிசோதிக்காமல் விட்டால், அவருக்குத் தொற்று இருக்கும்பட்சத்தில் அது ஆண்டுகள் கழித்து நரம்பையும் இதயத்தின் பெருந்தமனியையும் பாதிக்கலாம். தொற்றும் நிலையில் இருந்தால் உங்களுக்கே திரும்பவும் வரலாம். ஒருமுறை வந்து குணமானால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் இல்லை. எனவே சொல்வதே மேல் என்பது என் கருத்து. தனியாகச் சொல்ல அச்சமாக இருந்தால், “டாக்டர் உங்களையும் பார்க்க வேண்டுமாம்” என்று மட்டும் சொல்லி அழைத்து வாருங்கள். மிச்சத்தைப் பேசுவது எங்கள் வேலை. இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துத்தான் பேசுவோம். 2020இல் வந்த புண்ணைப் பற்றி அவரிடம் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம், நீங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். இருவரின் சிகிச்சையும் முடியும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது. இயலாதபோது ஆணுறை கட்டாயம்.

உங்கள் பரிசோதனை முடிவை மாமியாரிடம் விளக்கும் உரிமை ஆஸ்பத்திரி ஊழியர் யாருக்கும் இல்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே உள்ள கடமை. எச்.ஐ.வி. சார்ந்த விவரங்களுக்கு 2018இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டமே பாதுகாப்பளிக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார செவிலியரிடம், “வீட்டுக்கு வரும்போது இதைப் பற்றிப் பேச வேண்டாம்” என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளலாம். தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல் கைநீட்டும் அளவுக்குப் போனால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். நோயைப் பற்றிய சந்தேகங்களுக்கு 1097 கட்டணமில்லாத எண். அப்படியே தாய்வீட்டுக்குப் போக நேர்ந்தாலும், பதிவு அட்டையையும் ஊசிச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனால் அடுத்த ஊசியை அங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே தொடரலாம்.

இனி வருவன

மூன்று ஊசி முடிந்த பிறகும் ஆர்.பி.ஆர். உடனே மறைந்துவிடாது. 1:4 போன்ற குறைந்த அளவு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. நான்கு மடங்கு ஏறினால்தான், அதாவது 1:16 ஆனால்தான், கவலைப்பட வேண்டும். டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். பத்து ஆண்டு கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு காரணத்திற்கு ரத்தம் எடுக்கும்போது இது மறுபடி தலைகாட்டி வீட்டில் மறுபடி ஒரு சுற்றுப் பேச்சு கிளம்பக்கூடும் என்பதால், மூன்று ஊசிகளின் தேதியும் மருந்தின் அளவும் மருத்துவரின் கையெழுத்தும் உள்ள சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்தை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை பிறந்ததும், தொப்புள்கொடி ரத்தத்தில் அல்லாமல் குழந்தையின் ரத்தத்திலேயே ஆர்.பி.ஆர். எடுத்து உங்கள் அளவோடு ஒப்பிட வேண்டும்; குழந்தைகள் நல மருத்துவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், மார்பில் புண் இல்லாதவரை.

மூத்த மகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. 2019இல் உங்களுக்கு எடுத்த பரிசோதனை கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்தது என்றால், அதற்குப் பிறகு, பிரசவத்திற்கு முன் தொற்றியிருக்கும் வாய்ப்பை அது முழுவதுமாக மூடிவிடவில்லை. வாய்ப்பு குறைவுதான். என்றாலும் உங்கள் இரண்டாவது ஊசிக்கு வரும் நாளில் அவளையும் அழைத்து வாருங்கள். ஒரு சிறிய குழாய் ரத்தம் போதும், பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொன்னால் போதும்.